உள்ளே தாழிட்ட கதவு

"இடிஞ்ச மடத்துக் கதவுல நேத்தும் தட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு. எங்க ஆடுகூட இப்பல்லாம் திரும்பிப் பார்க்கிறதில்ல."

பஸ்ஸில் முன் இருக்கைப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். பிறகு இருவரும் ரேஷன் அரிசியைப் பற்றிப் பேசினார்கள்.

மிக்கேலம்மாள் கேட்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளுக்கு ஐம்பது வயது. கணவன் இறந்த பிறகு கன்னியர் மடத்தில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அவளுக்குப் பயிற்சி தரும் மதர் தெக்கலாவுக்கு முப்பத்திரண்டு.

"மதர், நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல."

"திரும்பக் கேளுங்க."

"ஞாயிற்றுக்கிழமை ஆனா என் மக நாலு மணிக்கு வந்து கேட்டைத் தட்டுறா. பார்க்க மாட்டேன்னு சொல்லி அனுப்பியாச்சு. இருந்தும் வர்றா. ஜெபத்துல மனசு நிக்கல. அந்தச் சத்தம் காதுல விழாம இருக்க என்ன செய்யணும்?"

"இன்னைக்கு ஞாயிறுதான். நாலு மணிக்கு நீங்க அங்க இருக்கப் போறதில்ல. நம்ம பழைய மடத்துல இருப்பீங்க."

பஸ்ஸை விட்டு இறங்கி, முள் அடர்ந்த உடைமரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் நடந்தார்கள்.

பழைய மடத்துக்குக் கூரை இல்லை. சுவர்கள் முழங்கால் உயரத்துக்குத்தான் மிச்சம். சிஸ்டர்கள் படுத்த அறைகளில் உடைமரம் முளைத்திருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் கல்பெஞ்சுகள் மட்டும் வரிசை கலையாமல் கிடந்தன.

முழுதாக நின்றது வாசல் கதவு ஒன்றுதான். இரண்டு தூண்களுக்கு நடுவே, உள்பக்கம் தாழிட்டபடி. தூண்களை ஒட்டி இரண்டு பக்கமும் சுவரே இல்லை.

அவர்கள் தூணைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மிக்கேலம்மாளுக்குச் சிரிப்பு வந்தது.

"எந்தக் கள்ளனுக்கு மதர் இந்தத் தாழ்ப்பாள்?"

"கள்ளனுக்குப் போட்டதில்ல."

மதர் கல்பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"காலரா வந்த வருஷம். ஆக்னெஸ்னு ஒரு சிஸ்டர். போகக் கூடாதுன்னு சொல்லியும் கேக்காம ஊருக்குள்ள போயி நோயாளிகளைப் பார்த்தாங்க. திரும்பி வந்தப்ப யாரும் திறக்கல. மூணு நாள் தட்டினாங்க. நாலாம் நாள் சத்தம் இல்ல."

"அப்பவாவது திறந்தாங்களா?"

"திறந்தா என்ன கிடக்கும்னு பயம். பின்பக்கச் சுவரை இடிச்சு வேற வாசல் வச்சுக்கிட்டாங்க. கடைசி சிஸ்டர் சாகுற வரைக்கும் அது வழியாத்தான் நடமாட்டம்."

"அந்தம்மாவை யாரு அடக்கம் பண்ணினது?"

"ஆடு மேய்க்கிறவங்க."

மிக்கேலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரர் இறந்த அன்னைக்கு மக வந்தாளா?" என்று மதர் கேட்டாள்.

"வந்தா. எங்களைக் கேக்காம ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போனவ. அப்பா முகத்தைப் பார்க்கணும்னு வந்து நின்னா. நான் கதவைச் சாத்திட்டேன்."

"சவப்பெட்டியை எப்படிக் கொண்டு போனீங்க?"

மிக்கேலம்மாள் அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

"பின்வாசல் வழியா."

காற்று நின்றிருந்தது. உடைமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

கதவு தட்டப்பட்டது.

ஒவ்வொரு தட்டுக்கும் நிலையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. மிக்கேலம்மாள் தூணுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கதவுக்கு வெளியே வெயிலும் செம்மண்ணும் தெரிந்தன. அவர்கள் வந்த காலடித் தடங்கள் தெரிந்தன. ஆள் இல்லை.

மறுபடியும் தட்டப்பட்டது. மூன்று முறை. சற்று நிறுத்தி, ஒன்று.

"மதர்." அவள் குரல் இறங்கிவிட்டது. "அவ இப்படித்தான் தட்டுவா. பள்ளிக்கூடம் விட்டு வர்ற காலத்துல இருந்து. மூணு. அப்புறம் ஒண்ணு."

மதர் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினாள். மணி நாலு.

"போயிருவோம் மதர். சுத்திக்கிட்டுப் போயிருவோம்."

"வழிதான் இருக்கே. போங்க."

மதர் எழுந்திருக்கவில்லை.

மிக்கேலம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தூணைத் தாண்டப் போனாள். முதுகுக்குப் பின்னால் மூன்று தட்டு கேட்டது.

அவள் அந்த இன்னொன்றுக்காக நின்றாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அது வரவில்லை.

அவள் ஓடி வந்து, இரண்டு கையாலும் துருப்பிடித்த தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள்.