வெட்டாமல் விட்ட வேர்

ஒரு காட்டில் முள்ளம்பன்றிகளுக்கும் கல்யாணத் தரகர் இருந்தார். அவர் ஒரு நரி. பொய் சொல்வதில் கைதேர்ந்தவர், அதனால் தொழிலும் நன்றாகவே நடந்தது.

அந்தக் காட்டின் பாறைச் சரிவில் இருந்த ஒரு வளையில், தாய் முள்ளம்பன்றி ஒருத்தி தன் மகன் காத்தானோடும் மகள் பூவரசியோடும் குடியிருந்தாள். காத்தான்தான் மூத்தவன். பிறந்தது முதலே அவனுக்குப் பின்னங்கால்கள் இரண்டும் வராது. முன்னங்கால்களை ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டுதான் நடமாடுவான். கால்தான் ஓடாதே தவிர, வாய் நன்றாக ஓடும். எந்நேரமும் தங்கையைச் சீண்டிக்கொண்டே இருப்பான்.

அவனுக்காகத்தான் அந்த வீட்டுத் தரையில் ஒரு கல்கூடக் கிடக்காது. வளை தோண்டும்போது குறுக்கே வந்த வேர்களையெல்லாம் கடித்து எறிந்தவர்கள், சுவரோரம் போன ஒரு நீள வேரை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். காத்தான் அதைப் பற்றிக்கொண்டு வாசல்வரை போவான், வருவான். பற்றிப் பற்றி அந்த வேர் வழுவழுவென்று ஆகியிருந்தது.

பூவரசிக்கு அடுத்த குன்றிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல இடம். பெண் பார்க்க வரும் நாளன்று நரியார் முன்னதாகவே வந்து, தாயைத் தனியே அழைத்தார்.

"மூத்தவனைக் கண்ணிலேயே காட்டாதீங்கம்மா. குடும்பத்திலே குறைன்னு ஒதுங்கிடுவாங்க. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? நமக்கு ஒரே ஒரு பொய் போதும்."

தாய்க்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் மகள் வாழ்க்கை ஆயிற்றே. காத்தானிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அவன் அன்று சிரிக்கவில்லை, சீண்டவில்லை.

"என்னாலே அவ கல்யாணம் நிக்க வேண்டாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிழங்கு சேர்த்துவைக்கும் பின்னறைக்குள் ஊர்ந்து போனான். தாய் அறை வாயைச் சருகால் மூடினாள். பூவரசி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தடுக்க வேண்டும் என்று நினைத்தாள், தடுக்கவில்லை.

மாப்பிள்ளையும் அவன் தாயும் வந்தார்கள். உள்ளே நுழைந்ததுமே அந்தத் தாய் தரையை உற்றுப் பார்த்தாள். பிறகு சுவரோரம் போன வேரைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"இந்த வேரை யாருக்காக விட்டு வச்சிருக்கீங்க?"

பூவரசியின் தாய் நரியாரைப் பார்த்தாள். நரியார் கண்ணைக் காட்டினார்.

"யாருக்காகவும் இல்லை. சும்மா, அழகுக்குத்தான்."

"வீட்டிலே நீங்க ரெண்டு பேர்தானா?"

"வேற யாரும் இல்லைங்க."

சருகுக்குப் பின்னால் இருந்த காத்தானுக்கு அது கேட்டது. ஒளிந்திருக்க ஒப்புக்கொண்டவன்தான் அவன். இல்லாமல் போக ஒப்புக்கொள்ளவில்லை. அவனுடைய முட்கள் சலசலத்து அடங்கின.

எலித் தொல்லை என்று சொல்லி நரியார் சமாளித்தார்.

மாப்பிள்ளையின் தாய் முகம் வாடி எழுந்துவிட்டாள். தங்களுக்கு இந்த இடம் தோதுப்படாது, கிளம்புகிறோம் என்றாள். என்ன குறை கண்டாள் என்று நரியாருக்கே புரியவில்லை.

தன் அண்ணனை எலி என்றதைப் பூவரசியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. நேரே போய்ச் சருகைத் தள்ளினாள்.

"எலி இல்லை. இவன் என் அண்ணன். அந்த வேர் இவனுக்குத்தான். போறதுன்னா போங்க, ஆனா பொய்யைக் கேட்டுட்டுப் போகாதீங்க."

நரியார் தலையில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் தாயோ திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு மூத்தது பொண்ணு. பேரு தங்காயி, கண்ணு தெரியாது. எங்க வீட்டுக்கு வர்றவ அவளோட ஒரே வளையிலே இருக்கணும். இந்தத் தரையைப் பார்த்ததும் நாம தேடின வீடு இதுதான்னு நெனச்சேன். அந்த வேரு தினமும் யாரோ பிடிக்கிற வேரு. அப்படியும் யாரும் இல்லைன்னீங்க. கூடப் பிறந்தவனையே இல்லைங்கிற வீட்டிலே வளர்ந்தவ, என் பொண்ணை என்னன்னு சொல்வாளோன்னு பயந்துட்டேன்."

அப்படி ஒரு மகள் இருப்பதை நீங்களும் சொல்லவில்லையே என்று பூவரசியின் தாய் மெல்லக் கேட்டாள். தரகர்தான் சொல்ல வேண்டாம் என்றார் என்று பதில் வந்தது. எல்லோரும் நரியார் இருந்த பக்கம் திரும்பினார்கள். வாசலைத் தாண்டிப் போகும் வால் நுனி மட்டும் தெரிந்தது.

தாய் மகன் முகத்தைப் பார்க்க முடியாமல் அழுதாள். காத்தான் வேரைப் பற்றிக்கொண்டு அவளருகே வந்தான்.

"பின்னறையிலே எறும்புக்கடி தாங்கலைம்மா. அடுத்த தடவை நீயே போய் உட்காரு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவன் வேடிக்கைக்காக மட்டும் அதைச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பூவரசி முதன்முறையாக மாப்பிள்ளையிடம் பேசினாள்.

"என் அண்ணன் அங்கே வந்து தங்குவான். உங்க வீட்டுச் சுவரிலேயும் ஒரு வேரை வெட்டாம விடணும்."

"புதுசா விட வேண்டியதில்லை" என்றான் அவன். "ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. எங்க அக்கா பிடிச்சு நடக்கிறது."

நீதி: வீட்டில் ஒருவரை மறைத்துத் தேடும் பெருமை, பெருமை ஆகாது.