காயாத யானைச் சின்னம்

காட்டில் எல்லாக் குளங்களும் வற்றிவிட்டன. ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர் இருந்தது. அதன் கரையில் சிறுத்தை படுத்திருந்தது!

"என் சின்னம் போட்ட பனியன் அணிந்தவர்களைத் தொடக்கூடாது!" என்று யானை அதனிடம் சத்தியம் வாங்கியிருந்தது. சின்னம் இல்லாதவர்களின் கதி? அதைச் சொல்லவே வேண்டாம்.

இருபது முயல்கள் இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை. விடிந்ததும் அவற்றின் தலைவன் செவலை, வெற்றுப் பனியன்களைச் சுமந்துகொண்டு கூட்டத்தோடு தூக்கணாங்குருவியிடம் ஓடியது.

"நான் எம்பிராய்டரி போட்டா, துணி கிழிஞ்சாலும் யானை போகாது. ஆனா ஒரு நாளைக்கு ஒரு பனியன்தான்!" என்றது குருவி.

"அதுக்குள்ள நாங்க நாக்கு வறண்டே செத்துடுவோமே!"

பக்கத்து மரத்தடியில் மந்தி ஸ்கிரீன் பிரிண்டிங் செய்துகொண்டிருந்தது. "இருபதுக்கும் ஒரு மணி நேரம் போதும்! ஆனா சாயம் காயணும். அப்புறம் சுடுபாறையில போட்டுச் சூடு காட்டணும், அப்பத்தான் சாயம் அழியாது. உச்சிவெயில் வரைக்கும் பொறுப்பீங்களா?"

"பொறுக்கிறோம்!" என்றது செவலை. அதுவரை சரிதான். இருபது பேருக்கு அவசரமாக வேண்டுமென்றால் அச்சடிப்பதுதானே புத்திசாலித்தனம்?

மந்தி இருபதையும் அடித்து முடித்தது. அப்போது புதர் சரசரத்தது. குட்டைப் பக்கமிருந்து வீசிய காற்றில் சிறுத்தையின் வாடை வந்தது. செவலை மந்தியிடம் பாய்ந்து ஓடியது.

"பனியனைக் கொடு! போட்டுக்கிட்டாத்தான் உயிர் தங்கும்!"

"இன்னும் ஈரம்டா!" என்று மந்தி கத்தியது. யார் கேட்டார்கள்? பத்தொன்பது முயல்கள் பிடுங்கி மாட்டிக்கொண்டு குட்டையை நோக்கிப் பறந்தன.

செவலையின் தங்கை குந்துமணி மட்டும் பாறை இடுக்கில் பதுங்கியது. "அண்ணா, எனக்கும் பயமாத்தான் இருக்கு! ஆனா என் பனியன் காயட்டும்!"

பயந்த முயல்கள் தள்ளித் தள்ளியா ஓடும்? ஒன்றோடொன்று ஒட்டி, உரசிக்கொண்டே போயின. கரையில் சிறுத்தை எழுந்தது. முன்னால் நின்ற செவலையின் நெஞ்சை உற்றுப் பார்த்தது.

"யானை எங்கே? வெறும் கறுப்புக் கறைதானே தெரியுது!"

"யானைதாங்க! ஈரத்துல கொஞ்சம்..."

செவலை சொல்லி முடிக்கவில்லை. சிறுத்தை பாய்ந்தது! மற்ற முயல்கள் அலறிக்கொண்டு சிதறின.

உச்சிவெயிலில் குந்துமணி, சுடுபாறையில் காய்ந்த பனியனை மாட்டிக்கொண்டு வந்தது. சிறுத்தை அதன் சின்னத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தது. யானை அசையவில்லை.

"போ, குடி!" என்று உறுமியது.

குந்துமணி தண்ணீரில் வாய் வைத்தது. அப்படியே நிமிர்ந்து பார்த்தது. கரையில் அண்ணனின் பனியன் கிடந்தது. வெயிலில் அது இப்போது நன்றாகக் காய்ந்திருந்தது.

சரியான வழியைத் தேர்ந்தெடுத்தாலும், பயந்துபோய் அதைப் பாதியில் விட்டவருக்கு அது உதவாது.