ஈரத்துணி யாருக்கு முதல்?

புளியங்கோட்டை ராஜாவுக்கு ஒரு நாள் திடீரென்று ஒரு யோசனை வந்தது. ராஜாவுக்கு யோசனை வந்தால் அரண்மனையில் யாராவது ஒருவருக்குத் தூக்கம் போய்விடும். அந்தத் தடவை தூக்கம் போனது சடையாண்டிக்கு.

சடையாண்டி அரண்மனைக் கோணங்கி. ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் வேலை. சொத்து என்று பார்த்தால் இடுப்பு வரைக்கும் தொங்குகிற குடுமி ஒன்றுதான். அதற்கு எண்ணெய் வைத்து, சீவி, முடிந்து முடிப்பதற்குள் அவர் பெண்டாட்டி சோறு வடித்து, குழம்பு வைத்து, அவரைத் திட்டியும் முடித்துவிடுவாள்.

ராஜாவின் யோசனை இதுதான். இனிமேல் மந்திரியை ஜனங்களே தேர்ந்தெடுக்கட்டும். ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட வேண்டும். பதினெட்டு வயது ஆன பிள்ளைகளும் போடலாம்.

சொன்னதுதான் தாமதம், மூன்று கட்சி முளைத்துவிட்டது. குளக் கட்சி, சாலைக் கட்சி, பள்ளிக்கூடக் கட்சி. தலைவர்கள் தெருத் தெருவாகப் போய்த் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

"குளம்தான் எங்களுக்கு முதல்! சாலையும் முதல்! பள்ளிக்கூடமும் முதல்!"

மூன்று பேரும் இதையேதான் சொன்னார்கள். வரிசை மட்டும்தான் மாறியது.

புதிதாக ஓலை போடப் போகிற பிள்ளைகளுக்கு மண்டை காய்ந்துவிட்டது. கூட்டமாக அரண்மனைக்கு வந்தார்கள்.

"மகாராஜா, எல்லாமே முதல்னா ரெண்டாவது எது? உண்மையில யாருக்கு எது முதல்னு யாராவது எங்களுக்குக் காட்டுங்க."

ராஜா சடையாண்டியைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில ஓலை போடுறதுக்கு முன்னாடி மூணு கட்சியையும் நீ ஒப்பிட்டுக் காட்டு."

அங்கே நின்ற தலைவர்கள் எகிறிக் குதித்தார்கள். "இவன் யார் பக்கமாவது சாய்ஞ்சு பேசுவான் மகாராஜா!"

"அப்படியா? சடையாண்டி, இந்த மூணு கட்சியைப் பத்தி நல்லதும் பேசக் கூடாது, கெட்டதும் பேசக் கூடாது. பேசினா குடுமி போகும்."

"பேசாம எப்படி மகாராஜா ஒப்பிடுறது?"

"ஒப்பிடலைன்னாலும் குடுமி போகும்."

தலைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணடித்தார்கள். எதிலுமே ஒத்துப்போகாதவர்கள், குடுமி விஷயத்தில் மட்டும் ஒன்றாகிவிட்டார்கள்.

மறுநாள் அரண்மனை வாசலில் நல்ல கூட்டம். நாவிதர் முன்வரிசையில் உட்கார்ந்து கத்தியைச் சரக் சரக்கென்று தீட்டிக்கொண்டிருந்தார். சடையாண்டிக்கு அந்தச் சத்தம் காதில் விழும்போதெல்லாம் கை தானாகக் குடுமிக்குப் போனது.

அப்போதுதான் செங்கமலத்தைப் பார்த்தார். அவளும் முதல் தடவை ஓலை போட வந்தவள். இடுப்பில் கைப்பிள்ளை. பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவது என்று தெரியாமல், யாரிடமும் கேட்கவும் கூச்சப்பட்டு, ஓரமாக நின்றாள்.

சடையாண்டி முகம் மலர்ந்தது. "பிள்ளையைக் கொடும்மா. தலைவருங்க சும்மாதானே நிக்கிறாங்க, வச்சிருக்கட்டும்."

"ஐயா, இப்பதான் பால் குடிச்சான்," என்றாள் செங்கமலம் மெதுவாக. "பாத்து..."

அதற்குள் பிள்ளை குளக் கட்சித் தலைவர் கைக்குப் போய்விட்டான். அவர் பெருமையாகத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். பிள்ளை நேரம் பார்த்துப் பொழிந்தான். தாடியில் பாதி, தரையில் பாதி.

வீல் வீலென்று பிள்ளை அழுதான். தலைவரோ தரையைக் காட்டிக் கத்தினார். "பாருங்கள் மக்களே! குளம் வந்துவிட்டது! சொன்னதைச் செய்துவிட்டோம்!"

சாலைக் கட்சித் தலைவர் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார். "அழாதே கண்ணு. இந்த ஈரத்திலேர்ந்து துணிக்கொடி வரைக்கும் அகலமா ஒரு சாலை போடறேன். ரெண்டு பக்கமும் புளியமரம் நடறேன்." பிள்ளை இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுதான். அவர் மரம் எண்ணிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடக் கட்சித் தலைவர் வாங்கினார். பிள்ளையை உற்றுப் பார்த்தார். "ஏன் அழறே? மனுவா எழுதிக் கொடு. எழுதத் தெரியாதா? பாத்தீங்களா, இதுக்குத்தான் பள்ளிக்கூடம் வேணும்கிறது!"

செங்கமலம் ஓடி வந்து பிள்ளையை வாங்கினாள். ஈரத்துணியை உருவினாள், காய்ந்த துணியைச் சுற்றினாள். பிள்ளை கப்பென்று அடங்கிவிட்டான்.

"இவன் ஒப்பிடவே இல்லை மகாராஜா!" என்று தலைவர்கள் கூவினார்கள். "குடுமியை எடுங்க!"

நாவிதர் எழுந்தே விட்டார்.

சடையாண்டி கூட்டத்தைப் பார்த்தார். "யாருக்கு எது முதல்னு தெரிஞ்சுதா பிள்ளைகளா?"

எல்லாரும் செங்கமலத்தைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தெரிஞ்சுது ஐயா. ஒருத்தருக்குக் குளம் முதல், ஒருத்தருக்குச் சாலை முதல், ஒருத்தருக்கு மனு முதல். ஈரத்துணிதான் மூணு பேருக்குமே கடைசி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"கெட்டது பேச வச்சுட்டான்!" என்றார்கள் தலைவர்கள்.

"கட்சியைப் பத்தி நான் வாயே திறக்கலையே," என்றார் சடையாண்டி. " காட்டிக் கொடுத்தது பிள்ளை. குடுமி எடுக்கணும்னா அவனுக்கு எடுங்க. முளைக்கிற வரைக்கும் காத்திருக்கணும், அவ்வளவுதான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மூணு பேரும் துணி மாத்தப் பழகிட்டு வாங்க. அதுவரைக்கும் ஓலைக் குடத்துக்கு மூடி! என்னய்யா தலைவருங்க நீங்க? நானா இருந்தா என்ன செஞ்சிருப்பேன் தெரியுமா? கொடும்மா பிள்ளையை."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பட்டு வேட்டி. பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த நிமிஷம் ராஜாவின் மடி வெதுவெதுப்பானது.

"யாரங்கே!" என்று அலறினார் ராஜா.

சடையாண்டி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "குறிச்சுக்கோங்க பிள்ளைகளா. யாரங்கே கட்சி."

சிரிப்பு சட்டென்று நின்றது. ராஜா கண்ணை உருட்டினார். "பேசிட்டியேடா! போச்சு உன் குடுமி!"

சடையாண்டி குடுமியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மூணு கட்சியைப் பத்தித்தான் பேசக் கூடாதுன்னு உத்தரவு மகாராஜா. இது நாலாவது. இப்பதான் பிறந்திருக்கு, ஈரம்கூடக் காயலை!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. தன் பட்டுச் சால்வையை எடுத்துத் தன் கையாலேயே பிள்ளைக்குச் சுற்றினார். சடையாண்டி குடுமிக்கு ஒரு குடம் நல்லெண்ணெய் பரிசு கொடுத்தார்.

அதில் பாதியைச் சடையாண்டி பெண்டாட்டி குழம்புக்கு எடுத்து வைத்துவிட்டாளாம். கேட்டதற்கு, "எனக்கு இதுதான் முதல்" என்றாளாம்.