காயாத மருதாணி

"அந்த நாற்காலிக்கு நான் லாயக்கா, ரிஹானா? நீயே சொல்லு."

கேட்டவள் மங்கையர்க்கரசி. கேட்டது தன்னைவிட எட்டு வயது சின்னவளிடம்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. ரிஹானா வேலைக்குச் சேர்ந்த புதிதில் சர்வர் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்ததே மங்கைதான். கற்றுக்கொண்டவள் இன்று வேறொரு கம்பெனியில் தொழில்நுட்பத் துறைக்கே தலைவி. கற்றுக்கொடுத்தவள் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, புத்தி கேட்க வந்திருக்கிறாள்.

குருவுக்கு வயசு பார்த்தால் ஆகுமா?

மங்கையின் கம்பெனியிலும் அதே பதவி காலி. விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். அவளுடைய மேனேஜர் சுதாகர் முதல் ஆளாகக் கொடுத்துவிட்டான்.

மங்கை தன் குறைகளை அடுக்கினாள். படித்தது சாத்தூரில், தமிழ் மீடியம். பட்டம் வெறும் பி.எஸ்சி. நாலு பேர் முன்னால் இங்கிலீஷ் பேசச் சொன்னால் நாக்கு தந்தியடிக்கும்.

"குருவி தலையில பனங்காய் வைக்கலாமாடி?"

ரிஹானா வீட்டில் விசேஷ வேலை. நாத்தனார் மகளுக்கு மறுநாள் நிச்சயதார்த்தம். மருதாணி அரைத்து வழித்துக்கொண்டிருந்தாள்.

"மீட்டிங்ல கேள்வி வந்தா யாருக்கா பதில் சொல்றது?"

"சுதாகர்."

"அவருக்கு யாரு சொல்றது?"

மங்கை சிரித்துவிட்டாள். அது அந்த ஆபீசில் வாய்விட்டுப் பேசாத ஏற்பாடு. வாடிக்கையாளர் கேள்வி கேட்பார். மங்கை மைக்கை அணைத்துவிட்டு மடமடவென்று சாட்டில் பதிலைத் தட்டுவாள். சுதாகர் தொண்டையைச் செருமிக்கொண்டு அதைப் படிப்பான். சமையல் இவளுடையது, பந்தியில் பேர் வாங்குவது அவன். வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடுகிறது.

அன்றைக்கும் பதினொரு மணிக்கு மீட்டிங். வாடிக்கையாளர் குவைத்தில் மருந்துக் கிடங்கு நடத்துகிறவர்கள். அவர்களுக்கு ஞாயிறு வேலை நாள். இங்கிருந்தே முடித்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லி, மங்கை லேப்டாப்பைத் திறந்து மீட்டிங்கில் சேர்ந்தாள். ஆட்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள்.

"கையை நீட்டுங்கக்கா."

"இப்பவா?"

"பதில் கேட்டீங்கல்ல?"

மருதாணியைக் கண்டு எந்தப் பெண் கையை இழுத்துக்கொள்வாள்? மங்கை வலது கையை நீட்டினாள். உள்ளங்கையில் வட்டம் வைத்து, விரலுக்கு விரல் தொப்பி வைத்தாள் ரிஹானா. ஒரு கை போதும் என்று இவள் சொல்லி முடிப்பதற்குள் இடது கையும் பிடிபட்டது.

அப்போதுதான் மங்கைக்கு விஷயம் உறைத்தது.

"அடிப்பாவி."

"மத்தியானம் வரைக்கும் கழுவக் கூடாது," என்றாள் ரிஹானா. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

குவைத்காரர் நேராக விஷயத்துக்கு வந்தார். எங்கள் கம்ப்யூட்டர் வேலை எல்லாவற்றையும் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றும்போது கிடங்கு எத்தனை நேரம் நிற்கும்?

சுதாகர் அருமையான கேள்வி என்று பாராட்டினான். தொண்டையைச் செருமினான். காத்திருந்தான்.

மங்கையின் திரையில் ஒரு கேள்விக்குறி வந்து விழுந்தது. பிறகு இரண்டு. பிறகு, 'மங்கை, பதில்???'

அவள் தன் பச்சை விரல்களைப் பார்த்தாள். நாற்காலிக் கையில் ஒரு துண்டு கிடந்தது. ஒரு துடை துடைத்தால் தீர்ந்தது. காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். கை துண்டுப் பக்கம் போனது.

அதற்குள் சுதாகருக்கு வேறு வழியில்லாமல் போனது. இரண்டு நாள் நிற்கும் என்று வாயில் வந்ததைச் சொன்னான்.

குவைத்காரர் குரலை உயர்த்தவில்லை. இரண்டு நாள் நின்றால் குளிரூட்டலும் நின்று மருந்து அத்தனையும் பாழ். அப்படியானால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார். கேட்டுக்கொண்டிருந்த டைரக்டர் வேதமூர்த்தி பெருமூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது.

மங்கைக்குச் சுரீரென்று கோபம் வந்தது. சுதாகர் மேல் பாதி, தன் மேல் பாதி. இந்த ஆளுக்கு இத்தனை காலம் தீனி போட்டு வளர்த்தது யார்?

துண்டைத் தொடவில்லை. குனிந்து, முழங்கையால் ஸ்பேஸ் பட்டனை அழுத்தினாள். அழுத்திப் பிடித்திருக்கும் வரை மைக் திறந்திருக்கும்.

"ஒரு நிமிஷம்கூட நிக்காது," என்றாள் இங்கிலீஷில்.

இலக்கணம் முன்னே பின்னே இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். பழையதும் புதியதும் கொஞ்ச நாள் சேர்ந்தே ஓடும், கிடங்கை ஒரு பகுதி ஒரு பகுதியாக மாற்றுவோம், எங்கே இடறினாலும் அந்தக் கணமே பழையதற்குத் திரும்பிவிடலாம், போன மாதமே சின்னப் பகுதியில் நான் ஓட்டிப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

சுதாகர் தமிழில் குறுக்கே விழுந்தான். "மங்கை, நான் சொல்லிக்கிறேன்."

"நீங்க சொல்ல முடியாது சுதாகர். நான் தட்டினாத்தான் உங்களுக்குத் தெரியும். இன்னிக்கு நான் தட்டலை."

குவைத்காரருக்கு அது புரியவில்லை. புரிய வேண்டியவருக்குப் புரிந்தது.

மீதியையும் இந்த அம்மாவே சொல்லட்டும் என்றார் குவைத்காரர். சொன்னாள். கேட்ட கேள்விக்கெல்லாம் சொன்னாள். அவர் திருப்தியோடு விடைபெற்றார். சுதாகர் சத்தமில்லாமல் கழன்றுகொண்டான்.

டைரக்டர் மட்டும் இருந்தார்.

"மங்கையர்க்கரசி, தலைவர் பதவிக்கு வந்த பேர்ல உங்க பேரு இல்லையே?"

முழங்கை விண்விண் என்று வலித்தது. அவள் எடுக்கவில்லை.

"கையில மருதாணி சார். காயட்டும், பேரை நானே போடுறேன்."