மணலுக்குள் போன மஞ்சள் மீன்

இதை எனக்கு முதலில் சொன்னது என் நாத்தனார் ரோஸ்லின். போன வருஷம் பனிமய மாதா கோயில் கொடியேற்றத்தன்று, பூசை முடிந்த கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு இரண்டு பேரும் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள். செருப்பு கிடைக்கவில்லை. கதை கிடைத்தது. மாதாவுக்குத் தோத்திரம்.

ரெமிஜியுஸ் ஒருநாள், ஹில்டா டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், வந்தவன் இருந்தவன விரட்டுதான்" என்றார்.

ரெமிஜியுஸ் துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர். டீச்சர் அவரைவிட வயதில் சிறியவள். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் கடல் மீன் வளர்க்கிற கலை அவளுக்குக் கைவந்திருந்தது. மீன் வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஊரில் அவள்தான் குரு. ரெமிஜியுஸ் அவளிடம் சீடராக வந்தது மீன் ஆசையால் அல்ல.

அவர் மனைவி பிலோமினாள் பக்கவாதத்தில் விழுந்தாள். பேச்சு நின்றது. கை கால் அசையவில்லை. கண்கூட ஒரே இடத்தில் நிலைகுத்தி நின்றது.

கண்ணையாவது அசைய வையுங்கள், மற்றது மெல்ல வரும் என்றார் வைத்தியம் பார்த்த டாக்டர். டிவி போட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டாள். சொந்தக்காரர்கள் வந்து முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார்கள். அதற்கும் மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் டீச்சர் கட்டிலுக்குப் பக்கத்தில், கட்டில் உயரத்துக்கே ஒரு தொட்டி வைத்துக் கொடுத்தாள். கடலில் இருந்து பவளத்தைப் பெயர்த்து எடுக்கக் கூடாது. அதனால் சிமெண்டில் வார்த்த கல்லை அடுக்கி, பவளப்பாறை மாதிரியே பொந்தும் இடுக்குமாகக் கட்டினாள். அடியில் ரவை போலச் சலித்த மணல். மேலே சட்டம் அடித்து வலை.

வலை எதுக்கு, கொசுவுக்கா என்று ரெமிஜியுஸ் கேட்டார். இதில் விடப்போகிற ஜாதி மீன் பயந்தால் குதிக்கும், திறந்து வைத்தால் விடியும்போது தரையில்தான் கிடக்கும் என்றாள்.

அழுக்குத் தின்ன ஒரு நத்தையும் ஒரு நண்டும் போட்டு, அதில் ஒரே ஒரு மஞ்சள் மீனை விட்டாள். விரல் நீளம். கடைக்காரர்கள் இதை ராஸ் என்பார்கள். ஓரிடத்தில் நிற்காது. பகல் முழுக்கக் கல்லைச் சுற்றும். இருட்டினால் மணலுக்குள் புதைந்து தூங்கும்.

பிலோமினாளின் கண் அதன் பின்னாலேயே போனது.

அன்றைக்கு ரெமிஜியுஸ் அடுப்படிக்குள் போய் நின்று அழுதாராம்.

ஒரு மீன் இவ்வளவு செய்தால் இரண்டு மீன் எவ்வளவு செய்யும் என்று பிறகு அவருக்குத் தோன்றியது. டீச்சரிடம் கேட்கவில்லை. கடையில் இன்னொரு ராஸ் வாங்கி வந்து, பையைப் பிரித்து, அப்படியே தொட்டியில் கவிழ்த்தார். இது பச்சை. மஞ்சளைவிடப் பெரியது. உடம்பு வாகு மட்டும் இரண்டுக்கும் ஒன்று.

அந்தப் பச்சை மஞ்சளை விரட்டுவதைத்தான் இப்போது வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சரிடம் ஒரு வழக்கம் உண்டு. குறை சொல்ல வருகிறவர், தொட்டியில் இன்றைக்கு உயிரோடு இருப்பதையெல்லாம் பெயர் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் குறையைக் கேட்பாள். குறையைச் சொல்லிக்கொண்டே வந்திருந்தாலும் விடமாட்டாள்.

"முதல்ல நன்றி, அண்ணாச்சி."

"நத்தை இருக்கு. நண்டு இருக்கு. மஞ்சள் இருக்கு. பச்சை இருக்கு. தோத்திரம் ஆண்டவரே" என்று அவர் மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

டீச்சர் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"வெளியூர்க் கப்பல் ஒண்ணு வருது. நேரா துறைமுகத்துக்குள்ள வந்துருமா?"

"அது எப்படி வரும். வெளிய நங்கூரம் போட்டு நிக்கணும்லா. உள்ள இருக்கவங்களுக்கு அது கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும். வழி காட்ட பைலட் ஏறுவாரு. இடம் ஒழிஞ்ச பிறகு நாங்க போய் இழுத்துட்டு வருவோம்."

"வேகமாவா?"

"மெதுவாத்தான். இடிச்சிரும்லா."

சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்தார்.

டீச்சர் உள்ளே போனாள். தண்ணீர் போய் வர ஓட்டை போட்ட, கண்ணாடி போல் தெரிகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"இத்தனை கப்பலை இழுத்த மனுஷன் மீனை மட்டும் ஏன் தள்ளுனீங்க?" என்றாள்.

பெட்டியோடு ரெமிஜியுஸ் வீட்டுக்குள் நுழைந்த நேரம், பச்சை பாய்ந்தது. மஞ்சள் தண்ணீரை விட்டு எகிறியது. வலையில் அடித்துத் திரும்பத் தொட்டியில் விழுந்தது. விழுந்த வேகத்தில் மணலுக்குள் போய்விட்டது.

பெட்டியைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, உள்ளே இறால் துண்டு போட்டு, அதன் கதவைத் திறந்து வைத்தார். பச்சைக்குப் பசி. தானாகவே போய் நுழைந்தது. கதவைச் சாத்தினார். இனிமேல் அது பார்க்கலாம், கடிக்க முடியாது.

மஞ்சள் வெளியே வரட்டும் என்று காத்திருந்தார்.

வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாள் டீச்சருக்குப் போன் போட்டுப் புலம்பினார். தோண்டாதீங்க என்று மட்டும் சொல்லி அவள் வைத்துவிட்டாள். கோயிலுக்குப் போனார், வந்தார். தொட்டிக்கு முன்னால் நின்று பார்த்தார். குழம்புக் கரண்டியை எடுத்தார், வைத்தார். பிறகு கரண்டியும் கையுமாகவே டீச்சர் வீட்டுக்கு நடந்தார். என்ன அண்ணாச்சி, சோறு பொங்கப் போறீங்களா என்று தெருவில் கேட்டார்கள்.

"இன்னைக்குத் தோண்டிருவேன், டீச்சர். செத்திருந்தா எடுத்து வெளிய போடணும். இவளைப் பாக்க முடியல. வெறும் மணலையே வெறிச்சுக்கிட்டுக் கிடக்கா. கண்ணு அசைய மாட்டேங்கு. பழையபடி ஆயிட்டா. நான்தான் கெடுத்தேன்."

"முதல்ல நன்றி, அண்ணாச்சி."

அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சீடர்தானே. சொன்னார்.

"நத்தை. நண்டு. பெட்டிக்குள்ள பச்சை."

டீச்சர் காத்திருந்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வேற என்ன இருக்கு?"

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினாள்.

வீட்டுக்குள் போனவள் தொட்டியைப் பார்க்கவில்லை. கட்டில் அருகே போய், அக்கா, நான் ஹில்டா வந்திருக்கேன் என்று சொன்னாள். முழங்காலிட்டாள். பிலோமினாளின் தலையணையில், அவள் கன்னத்தோடு தன் கன்னம் படுகிற மாதிரித் தலையை வைத்தாள்.

ரெமிஜியுஸ் கரண்டியோடு நின்றார்.

காற்று மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ரெமிஜியுஸ் இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். டீச்சர் அசையவில்லை. ஜெபம் பண்ணுகிறாள் போல என்று அவரும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் பார்த்தார்.

பிறகு அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"இங்க வந்து தலை வைங்க, அண்ணாச்சி."

"நானா?"

"நீங்கதான்."

அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். முழங்கால் நெட்டி முறிந்தது. பிலோமினாள் படுத்துவிட்ட நாளில் இருந்து அவர் அந்தத் தலையணையில் தலை வைத்ததில்லை. ஊட்டுவார், துடைப்பார், புரட்டிப் படுக்க வைப்பார். எல்லாம் நின்றபடிதான். தொட்டியைப் பார்ப்பதும் நின்றபடிதான்.

தலையை வைத்தார்.

"என்ன தெரியுது?"

"மணல்."

"அக்கா பாக்கிற இடத்தைப் பாருங்க."

அவர் பார்த்தார். கல்லுக்கு அடியில், நிழல் விழுகிற ஓரத்தில், மணல் லேசாக மேடு தட்டியிருந்தது. மேட்டில் மிளகு போல இரண்டு கறுப்புப் புள்ளி.

புள்ளி உருண்டது. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம்.

மீன் கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, பெட்டிக்குள் இருக்கிற பச்சையை வேவு பார்த்துக்கொண்டிருந்தது.

ரெமிஜியுஸின் கையில் இருந்து கரண்டி நழுவி விழுந்தது. புள்ளி இரண்டும் மணலுக்குள் மறைந்தன. கொஞ்சம் பொறுத்துத் திரும்ப வந்தன.

"உயிரோட இருக்கு" என்றார். "எத்தனை நாளா இவ இதைப் பாத்துக்கிட்டுக் கிடக்கா, டீச்சர்?"

"என்கிட்ட ஏன் கேக்கீங்க. அவங்க பக்கத்துலதான இருக்காங்க."

ரெமிஜியுஸ் தலையணையில் இருந்தபடியே முகத்தைத் திருப்பினார்.

பிலோமினாள் மணலில் இருந்து கண்ணை எடுத்து, அவரைப் பார்த்தாள்.

பிறகு பெட்டியைத் திறந்துவிட்டார்களாம், இரண்டு மீனும் இப்போது ஒரே தொட்டியில் சண்டையில்லாமல் திரிகின்றன என்றாள் ரோஸ்லின். ஆண்டவருக்கு நன்றி. நீங்கள் எழுந்து போகிறதுக்கு முன்னால், பிலோமினாளுக்காக ஒரேயொரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிவிட்டுப் போங்கள்.