தாய்மண்ணோடு ஒரு கிலுகிலுப்பை

தொப்பிமலையின் அடியில் கொம்புக்காடு என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அவர்களிடம் இருந்த கோளாறே அதுதான். "இங்கயே நில்லு, வந்துடறேன்" என்று ஒருத்தனை நிறுத்திவிட்டு மறந்துபோனால், மறுவாரம் போய்ப் பார்த்தாலும் நிற்பான். கொஞ்சம் இளைத்திருப்பான், அவ்வளவுதான்.

அந்த ஊர்ப் பொங்கண்ணனுக்கு முப்பத்தாறு வயது. மூன்று இடத்தில் பெண் பார்த்து மூன்றும் தட்டிப்போனது. கடைசி இடத்தில், "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். இரண்டு வருடமாகத் தினமும் சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய், இறங்குகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வருவான். அப்போது அவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

நாலாவதாக, பாதி மலையில் இருக்கும் நடுவளவு என்ற ஊரில் ஓர் இடம் கூடி வந்தது. பெண் பெயர் பாப்பாயி. அவள் அப்பா பெரியசெல்லன் அந்த ஊர் வழக்கத்தைச் சொன்னார். மலை உச்சியில் பூத்து நிற்கும் கிலுகிலுப்பைச் செடி ஒன்றை மாப்பிள்ளை கொண்டுவர வேண்டும். ஆள் உயரச் செடி, கொத்துக் கொத்தாய் மஞ்சள் பூ. காய்ந்த நெற்று காற்றில் ஆடினால் உள்ளே விதை கிலுகிலுவென்று சத்தம் போடும்.

"வேரைக் காயப்படுத்தக் கூடாது. வேரைச் சுத்தின தாய்மண்ணோட எடுக்கணும். வெள்ளிக்கிழமை விடியறப்ப செடி எங்க வீட்டு வாசல் படலுக்குப் பக்கத்துல நிக்கணும். நின்னா கல்யாணம். நிக்கலன்னா வேற இடம் பாத்துக்கங்க மாப்ளே."

பொங்கண்ணன் புதன்கிழமையே கிளம்பிவிட்டான். துணைக்கு இரண்டு பேர். ஒருவர் சடையப்பன், ஊரில் யோசனை சொல்கிறவர். இன்னொருவன் குட்டாண்டி, அந்த யோசனைகளைக் கேட்டு ஏற்கெனவே இரண்டு பல்லை இழந்தவன்.

உச்சியில் நல்ல செடியாக ஒன்று கிடைத்தது. பொங்கண்ணன் கடப்பாரையை ஓங்கினான்.

"நிறுத்துப்பா!" என்றார் சடையப்பன். "கடப்பாரை பட்டா வேர் காயமாகாதா? விரலால தோண்டுங்க."

"விரல்ல நகம் இருக்கே?" என்றான் குட்டாண்டி.

நியாயமான கேள்வி. அரிவாளால் நகம் வெட்டினார்கள். அதில் குட்டாண்டியின் கட்டைவிரல் பிளந்து ரத்தம் கொட்டியது. வேரில் ஒரு கீறல் இல்லை. ஆனாலும் ஒரு வேர் கொஞ்சம் வெளுத்துத் தெரிந்ததால், பொங்கண்ணன் தன் புதுத் துண்டைக் கிழித்து வேருக்குக் கட்டுப் போட்டான். குட்டாண்டி விரலை வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாழன் மத்தியானம் வரை தோண்டினார்கள். மண் முடிகிற வழியாக இல்லை.

"இந்தச் செடியோட தாய்மண்ணு எது வரைக்கும்ணே?" என்றான் பொங்கண்ணன்.

சடையப்பன் கொஞ்ச தூரம் நடந்து போய், குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "இந்த மண்ணு அந்த மண்ணோட ஒட்டியிருக்கு. அது அதுக்கடுத்த மண்ணோட ஒட்டியிருக்கு. அடிவாரம் வரைக்கும் ஒரே தாய்தான் பொங்கா."

"அப்ப மலையோடதான் கொண்டுபோகணுமா?"

"வேற வழி?"

"அவங்க வாசல் சின்னதுண்ணே," என்றான் பொங்கண்ணன். "மலைய எங்க வைக்கிறது? மாமா கோவிச்சுக்குவாரு."

மூவரும் உட்கார்ந்துவிட்டார்கள். பொங்கண்ணனுக்கு பஸ் நிற்கிற இடம் கண்ணுக்குள் வந்து நின்றது. காற்றடித்தது. செடி கிலுகிலுவென்றது.

அப்போதுதான் குட்டாண்டி வாயிலிருந்து விரலை எடுத்தான். "படலுக்குப் பக்கத்துல செடி நிக்கணும்னுதானே சொன்னாரு? படலைக் கொண்டாந்து செடிக்குப் பக்கத்துல வச்சா?"

சடையப்பன் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

சாயங்காலம் நடுவளவுக்கு இறங்கினார்கள். பெரியசெல்லன் கீழ்நாட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். வீட்டைச் சுற்றி முள்வேலி. அதில் வாசலுக்குக் கதவாக ஒரு மூங்கில் படல், படலில் சங்கிலி போட்டுப் பூட்டு. மூவரும் படலை, இரு பக்கத்துக் கால்மரங்களோடும் சேர்த்துப் பிடுங்கித் தோளில் ஏற்றும்போது பாப்பாயி வெளியே வந்தாள்.

"படல் எங்க போகுது?"

"நம்ம கல்யாணத்துக்கு," என்றான் பொங்கண்ணன். வெட்கத்தில் படலுக்குப் பின்னால் மறைந்துகொண்டான். மூங்கில் இடுக்கு வழியாக முழுசாகத் தெரிந்தான்.

பாப்பாயி யோசித்தாள். "நானும் வரணும்ல? ஆனா படலை எடுத்துட்டுப் போய்ட்டா நான் எப்படி வெளிய வர்றது?"

மூவரும் வேலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள். கடைசியில் அவளே சேலையைச் செருகிக்கொண்டு, முள்வேலியில் ஏறி, கீறலோடு அந்தப் பக்கம் குதித்தாள். படல் இருந்த இடம் இரண்டு ஆள் அகலத்துக்குத் திறந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை விடியும்போது, உச்சியில், வேலி இல்லாத வெட்டவெளியில், படல் பூட்டினபடி நின்றது. அதை ஒட்டி மஞ்சளாய்ப் பூத்த கிலுகிலுப்பை. செடிப் பக்கம் பொங்கண்ணன். இந்தப் பக்கம் கையில் மாலையோடு பாப்பாயியும் மற்ற இரண்டு பேரும்.

பெரியசெல்லன் மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தார். கையில் குச்சி.

"எங்கடா என் படல்?"

"மாமா, செடி படலுக்குப் பக்கத்துல நிக்குது. வேர்ல காயமில்ல. தாய்மண்ணு மொத்தமும் இருக்கு."

பெரியசெல்லன் செடியைப் பார்த்தார், படலைப் பார்த்தார். வேருக்குப் போட்டிருந்த கட்டுத் துணியையும் பார்த்தார். வழக்கத்தில் ஒரு குறையும் இல்லை. "சரி, கல்யாணந்தான். உள்ள போய் மாப்பிள்ளைக்கு மாலையப் போடும்மா."

"பூட்டியிருக்கேப்பா. சாவி?"

பெரியசெல்லன் இடுப்பைத் தடவினார். "படலே இல்லாத வீட்டுக்குச் சாவி எதுக்குன்னு கீழயே வச்சுட்டு வந்துட்டேனே!" குச்சியை ஊன்றிக்கொண்டு மறுபடி மலையிறங்கினார்.

காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. எங்கிருந்தோ ஓர் ஆடு வந்தது. பாப்பாயி பக்கம் கொஞ்சம் புல் மேய்ந்தது, சாவகாசமாக நடந்து செடிப் பக்கம் போய் ஒரு கொத்துப் பூவைக் கடித்தது.

எல்லாரும் திகைத்துப்போனார்கள். பொங்கண்ணன் ஓடிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தான். "பூட்டு பூட்டினபடியே இருக்கு!"

"அப்படின்னா," என்று சடையப்பன் குரலைத் தாழ்த்தினார், "ஆட்டுக்கிட்ட இன்னொரு சாவி இருக்கு."

பொங்கண்ணன் ஆட்டைக் கட்டிப்பிடித்து, காது, வால், குளம்பு என்று ஒன்று விடாமல் சோதித்தான். ஒன்றும் கிடைக்கவில்லை.

பாப்பாயி மூங்கில் இடுக்கில் முகத்தை வைத்து, முதல்முறையாக மரியாதை போட்டுப் பேசினாள்.

"வாயைத் திறந்து பாருங்க. பூவோட சேத்து முழுங்கிடப் போகுது."

முப்பத்தாறு வருடமாக இப்படி ஒருத்தியைத்தானே தேடினோம் என்று பொங்கண்ணனுக்குக் கண் நிறைந்தது. ஆட்டின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டான்.