கெம்பியின் கடைசி ஒப்பாரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதைக்கு நல்ல முடிவு கிடையாது. யார் பக்கம் நியாயம் என்று மட்டும் யோசித்துக்கொண்டே படியுங்கள்.

மரக் கம்பெனியின் அடியாட்கள் ஒரு மலையூரைக் கொளுத்தினார்கள். கெம்பியின் மூத்த மகன் குடிசைக்குள்ளேயே கருகிப்போனான். ஊர் சிதறி ஓடியது. கெம்பி மட்டும் பிணத்தருகே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். அந்த மக்கள் ஒப்பாரியில் பொய் சொல்ல மாட்டார்கள். சாவுக்குக் காரணமானவன் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். பெயர் வந்தவனுக்கு அப்புறம் யாரும் தண்ணீர்கூடத் தர மாட்டார்கள்.

அன்று கேட்க ஆளில்லை. மொழியைப் பதிவுசெய்ய வந்திருந்த ஒரு ஆராய்ச்சிக்காரர் டேப்பை ஓடவிட்டார். அவருக்குப் பாதிதான் புரிந்தது. அந்த ஒலிநாடா, டவுனிலிருந்த ஆவணக் காப்பகத்துக்குப் போனது. கெம்பியும் சீக்கிரமே செத்தாள். அவளுடைய கைக்குழந்தை குன்னனைச் சித்தப்பா ஜடையன் எடுத்து, கீழ்நாட்டு ஹாஸ்டலில் படிக்கவைத்தார். பையனுக்குத் தாய்மொழி ஒட்டவே இல்லை.

பல வருடம் கழித்து நில விசாரணை வந்தது. ‘அங்கே ஊரே இருந்ததில்லை’ என்றது கம்பெனி. எந்தக் காடு யாருடையது என்று கெம்பி அந்த ஒப்பாரியில் பாடியிருந்ததுதான் ஒரே சாட்சி. ஆனால் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த மொழியும் தமிழ் எழுத்தும் தெரிந்தவள் ஜடையனின் மகள் மசணி ஒருத்திதான்.

அவள் காப்பகத்தில் உட்கார்ந்து கேட்டாள். கடைசியில் வந்தது: ‘தீக்காரனுக்கு வழி காட்டியவன் என் கொழுந்தன் ஜடையன்.’

காப்பகப் பொறுப்பாளர் லாசரஸிடம் போய் நின்றாள்.

“சார், இந்தக் கடைசித் துண்ட மட்டும் வெட்டிருங்க. எங்கப்பா படுத்த படுக்கையா கெடக்காரு.”

“வெட்ட மாட்டேன்மா.”

“அப்ப நான் எழுதல. நெலமும் போகட்டும்.”

லாசரஸ் நாடாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். “நீ என்ன வேணா எழுது. மொழிபெயர்ப்பு முழுசுன்னு நான் கையெழுத்துப் போடுறேன். நாடா மேல கை வைக்காத.”

‘இதற்கு மேல் அழுகை மட்டும்’ என்று எழுதினாள். ஊருக்கு நிலம் கிடைத்தது.

பிறகு குன்னன் காப்பகத்துக்கு வந்தான். “அம்மா குரலக் கேட்டதே இல்ல சார். பேச்சு புரியாட்டி என்ன, அழுறது புரியும்ல?”

லாசரஸ் போட்டுக் காட்டினார். பெயருக்கு எதற்கு மொழிபெயர்ப்பு? குன்னன் நேரே மசணி வீட்டுக்குப் போனான்.

“கடைசியில சித்தப்பா பேரு ஏன்க்கா வருது?”

“கொழுந்தன வந்து பொணத்தத் தூக்கச் சொல்லிக் கூப்பிடுறாங்கடா.”

“ஒப்பாரியில பேரு எதுக்கு வரும்னு எனக்கும் தெரியும்க்கா.”

உள்ளே கிழவர் தண்ணீர் கேட்டார். குன்னனே மொண்டு கொடுத்தான். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஊரைவிட்டுப் போனவன் திரும்பவே இல்லை.

மசணி, லாசரஸ், குன்னன். இதில் யார் செய்தது சரி?

என் பதில்: குன்னனுக்குப் பெரிய மனசு என்பீர்கள். எனக்கு ஒப்பவில்லை; அவன் அம்மா சொன்னதை அவனே இன்னொரு தடவை புதைத்தான். மசணி எழுதிய பொய் ஊருக்கு நிலம் தந்தது, வீட்டு வாசலில் சொன்ன பொய் அவளுக்கு மட்டும்தான் உதவியது. லாசரஸ் போட்டதும் பொய்க் கையெழுத்துதான். ஆனால் தப்பாக எழுதிய தமிழை நாளைக்கு யாராவது திருத்தலாம். வெட்டிய நாடா ஒட்டாது. அதனால் லாசரஸ்தான் சரி. அவர் சரியாகச் செய்ததால்தான் குன்னனுக்கு ஊர் இல்லாமல் போனது, அதையும் நான் மறைக்கப்போவதில்லை.